கையெழுத்துள்ள முகங்கள், கையெழுத்தில்லாத படங்கள்

1

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழஞ்சாமான் சந்தை கூடும். உடைந்த கடிகாரம், பாட்டி காலத்துக் கரண்டி, யாருடையதென்றே தெரியாத கல்யாண ஆல்பம் எல்லாம் மேசை மேசையாகக் கிடக்கும். சில வருஷங்களுக்கு முன்பு அங்கே போயிருந்தபோது ஒரு மேசையில் செருப்புப் பெட்டி நிறைய அஞ்சலட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். விமானப்படைச் சீருடையில் ஒரு பையன். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. கழுத்தில் சிலுவை தொங்குகிறது. படத்தின் அடியில் நீல மையில் கையெழுத்து. சிலுவையின் நடுவிலும் மார்பிலும் விரல்நக அளவுக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பது ஸ்வஸ்திகா. அதைப் பொதுவில் காட்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். ஆய்வுக்கும் கலைக்கும் வரலாறு சொல்லித்தருவதற்கும் விலக்கு உண்டு. எதுக்கு வம்பு என்று வியாபாரி ஒட்டுப்போட்டு விற்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. வெளிச்சம், நிழல், எங்கோ தூரத்தைப் பார்க்கும் கண்கள் என்று தேர்ந்த கை எடுத்த படம். விலை கேட்டேன். கூட வந்திருந்த நண்பர் எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதியாகப் போனவர். ரொம்ப நிதானமாக, “என்ன, வாங்கப் போறியளோ?” என்று கேட்டார். அட்டையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்துவிட்டது. பாசிசத்தை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வருகிற எனக்கே அந்த முகம் ஏன் பிடித்தது? அந்த முகத்தை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்?

2

இந்த அட்டை வியாபாரம் ஹிட்லர் கண்டுபிடித்ததில்லை. முதல் உலகப்போரிலேயே பெர்லின் பதிப்பாளர் வில்லி சாங்கே, விமானிகளின் படங்களை எண் போட்டு வரிசை வரிசையாக அஞ்சலட்டையாக்கி விற்றார். 1916 ஜனவரியில் பிரஷ்யாவின் உயர்ந்த விருதான ‘பூர் லெ மெரித்’ வாங்கிய போல்க்கே, இம்மெல்மான் இருவரும் அதே வருஷம் செத்துப்போனார்கள். அட்டைகள் சாகவில்லை. பதுங்குகுழியில் சேறும் எலியுமாக லட்சக்கணக்கானவர்கள் பெயரில்லாமல் செத்துக்கொண்டிருந்த யுத்தம் அது. அந்தச் சாவுக்குக் காட்டத்தக்க முகம் கிடையாது. ஆகாயத்தில் தனியாகச் சண்டை போடுகிறவனுக்கு முகம் கொடுக்கலாம். வெகுமக்களை இயந்திரம்போலக் கொன்ற ஒரு யுத்தத்தைத் தனிமனித வீரமாகப் படிக்க வைத்தது இந்தச் சின்ன அட்டை.

இதில் நம்மையும் விட்டுவிட முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய எம்டன் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள், ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்புறம் என்ன நடந்தது? ‘அவன் சரியான எம்டன்’ என்று சொல்ல ஆரம்பித்தோம். அடித்தவன் பெயர் சாமர்த்தியத்துக்கு அடைமொழியாகிவிட்டது. வெள்ளைக்காரனையே அடித்தான் என்கிற குஷியும் அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நம் பேச்சில் தங்கவில்லை. எம்டனின் தலைவன் கார்ல் ஃபொன் முல்லரின் படம் ஜெர்மனியில் அஞ்சலட்டையாக விற்றது. நாம் அட்டை அச்சடிக்கவில்லை, சொல்லாக வைத்துக்கொண்டோம். யுத்தத்தைக் கழித்துவிட்டு வீரனை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிற வேலை எந்த மொழியிலும் நடக்கும்.

3

நாஜிகள் இந்தக் கைத்தொழிலைப் பெருந்தொழிலாக்கினார்கள். 1939 செப்டம்பர் 1-ந்தேதி, போலந்துக்குள் படை நுழைந்த அதே நாளில், ‘ரிட்டர்க்ராய்ட்ஸ்’ என்கிற வீரச்சிலுவை உருவாக்கப்பட்டது. யுத்தம் முடிவதற்குள் ஏழாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். பழைய பிரஷ்ய விருது அதிகாரிகளுக்கு மட்டும். இதைச் சாதாரணச் சிப்பாயும் வாங்கலாம். ‘மக்கள் சமூகம்’ என்ற நாஜிச் சொல்லாடலுக்கு இது ரொம்பத் தோதாக இருந்தது. வாங்கியவனை ஊருக்கு அழைத்துவந்து, பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் பேச வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

அட்டை அச்சடித்தவர்களில் முக்கியமானவர் ஹிட்லரின் சொந்தப் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹொஃப்மான். அவர் மகளைக் கட்டியவர் பால்டுர் ஃபொன் ஷீராஹ், 1940 வரை ஹிட்லர் இளைஞர் படையின் தலைவர். மாமனார் அட்டை விற்கிறார். அந்த அட்டைகளைச் சேர்த்து, கையெழுத்துக் கேட்டுக் கடிதம் எழுதும் பையன்களை மருமகன் அணிவகுக்க வைக்கிறார். அரசியலும் வியாபாரமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின.

குந்தர் ப்ரீனின் அட்டையைப் பாருங்கள். 1939 அக்டோபர் 14-ந்தேதி ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள் நீர்மூழ்கியில் புகுந்து ‘ராயல் ஓக்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தவர். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் நூற்றுக்கும் அதிகமானவர்கள் பதினெட்டு வயசு நிரம்பாத கப்பல் பையன்கள். அதே வயசு ஜெர்மன் பையன்கள் ப்ரீனின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். 1941 மார்ச்சில் ப்ரீனும் கப்பலோடு காணாமல் போனார். மே 23 வரை அரசு அதைச் சொல்லவில்லை. அந்த இரண்டரை மாசமும் அஞ்சலட்டையில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

இன்னொரு கை வோல்ஃப்காங் வில்ரிஷ் என்ற ஓவியனுடையது. வீரச்சிலுவைக்காரர்களின் முகங்களை இவன் வரைந்தான். வெளிநாட்டு ஜெர்மானியர்களுக்கான ஒரு சங்கம் அவற்றை அட்டையாக்கி நிதி திரட்டியது. எல்லா முகமும் ‘நோர்டிக்’ இலக்கணத்துக்கு அடங்கிய முகம். இதே வில்ரிஷ்தான் 1937-ல் நவீன ஓவியர்களைக் கலைக்கோயிலிலிருந்து துடைத்தெறிய வேண்டும் என்று புத்தகம் எழுதியவன். அந்த வருஷம் மூனிக்கில் நடந்த ‘சீரழிந்த கலை’ கண்காட்சிக்கு ஓவியங்களைப் பொறுக்கியதிலும் இவனுக்குப் பங்குண்டு. அங்கே கேலிக்காகத் தொங்கவிடப்பட்டவற்றில் ஒன்று ஓட்டோ டிக்ஸ் 1920-ல் வரைந்த யுத்த முடவர்களின் ஓவியம். கட்டைக்காலும் பொய்த்தாடையுமாகத் தெருவில் நகரும் முன்னாள் சிப்பாய்கள். டிக்ஸ் முதல் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர், இரும்புச் சிலுவை வாங்கியவர். கண்டதை வரைந்தார். அந்த ஓவியம் பிற்பாடு காணாமலே போய்விட்டது. வில்ரிஷின் அட்டைகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. ஆக, அட்டையில் இருக்கும் அழகான முகம் தானாக வந்து உட்கார்ந்ததில்லை. சிதைந்த முகங்களைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டுத்தான் இது ஏறியிருக்கிறது. சந்தையில் என் கண்ணைப் பிடித்த அழகும் இந்தப் பட்டறைச் சரக்குதான்.

4

சரி, கையெழுத்துக்கு வருவோம். அச்சில் பெருகும்போது கலைப்பொருளின் ஒளிவட்டம் அழிகிறது என்றார் வால்டர் பெஞ்சமின். பழைய புகைப்படங்களில் அந்த ஒளிவட்டத்தின் கடைசிப் புகலிடம் மனித முகம் என்றும் சொன்னார். பாசிசம் அரசியலை அழகியலாக்குகிறது என்று எச்சரித்த அவர், நாஜிகளிடமிருந்து தப்பியோடும்போது 1940 செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டார். கையெழுத்திட்ட அட்டை அவர் சொன்னதற்குப் பாசிசம் கொடுத்த குறுக்குவழிப் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டை ஆயிரக்கணக்கில் அச்சாகிறது. அதன்மேல் ஒரு கோடு மை விழுந்ததும் அது ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. ‘அவன் தொட்டது’ ஆகிவிடுகிறது. நம்மூரில் சாமி படத்துக்கு வைக்கிற பொட்டு மாதிரி.

இன்றைய சேகரிப்பாளர்களின் அறிவு முழுக்க இந்தக் கோட்டைச் சுற்றியே இருக்கிறது. பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் கையெழுத்தும் அச்சு. பால்பாயிண்ட் பேனா என்றால் 1945-க்குப் பிந்தியது. புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று ஒளிர்ந்தால் யுத்தத்துக்குப் பிந்திய தாள். அந்தக் காலத்திலேயே போட்டதென்றால் ஒரு விலை. கிழவனான பிறகு, தபாலில் வந்த மறுஅச்சில் போட்டதென்றால் குறைந்த விலை. போலிகள் ஏராளம் என்பதால் இந்தப் பரிசோதனைகள் தேவைதான். இந்த உழைப்பை நான் கேலி செய்யவில்லை. ஆவணத்தை மதிக்கிறவன் செய்கிற வேலைதான் இது. ஆனால் விளக்கு மையின் வயசைச் சொல்லும். அந்தக் கை வேறு எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டது என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்வியைச் சந்தை கேட்பதுமில்லை.

‘நாங்க அரசியல் பார்க்கறதில்லே, வீரத்தை மட்டும்தான் பார்க்கறோம்’ என்பது இந்த வட்டாரத்தின் நிரந்தர வசனம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, யுத்தகாலப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்றது. சிலுவையின் நடுவே ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலை வந்தது. எவ்வளவு சுலபம் பாருங்கள்! சின்னத்தைக் கழற்றினால் அரசியல் கழன்றுவிடும், மிச்சமிருப்பது சுத்த வீரம். சந்தை வியாபாரியின் வெள்ளை ஒட்டும் இந்தச் சட்டத்தின் தங்கைதான்.

ஆனால் அரசியல் கழலவில்லை. விமானி ஹன்ஸ்-உல்ரிஷ் ரூடெல், வீரச்சிலுவையின் ஆக உயர்ந்த தங்க ஓக் இலைப் படியை வாங்கிய ஒரே ஆள். யுத்தத்துக்குப் பின் அர்ஜென்டினாவுக்குப் போனார். கடைசிவரை ஹிட்லரை விட்டுக்கொடுக்காமல் 1953-ல் தீவிர வலதுசாரிக் கட்சியின் வேட்பாளராக நின்றார். 1976-ல் அவரை விமானப்படைத் தளத்துக்கு வரவழைத்ததை நியாயப்படுத்திப் பேசிய இரண்டு ஜெனரல்களை அமைச்சர் கட்டாய ஓய்வில் அனுப்ப நேர்ந்தது. 1999-ல் வீரச்சிலுவைக்காரர்களின் சங்கத்தோடு ராணுவம் உறவு வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்காகப் பறந்த மோல்டர்ஸின் பெயரை ஒரு விமானப்படைப் பிரிவிலிருந்து 2005-ல் நீக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்த எதிர்ப்பு ஒன்றே: ‘அவன் வெறும் சிப்பாய்தானே.’

5

இப்போது வேறொரு வகைப் படங்கள். 1995-ல் ஹம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்கள் பற்றிய கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. கிழக்கு முனையில் சாதாரணச் சிப்பாய்கள் தங்கள் சொந்தக் கேமராவில் எடுத்த படங்கள் அதில் நிறைய இருந்தன. தூக்கில் தொங்குகிறவர்கள், குழிக்கு முன்னால் நிற்க வைக்கப்பட்டவர்கள், பக்கத்தில் நின்று சிரிக்கும் சீருடைகள். பணப்பையிலும் ஆல்பத்திலும் வீட்டுக்கு வந்த படங்கள். இவற்றில் எவனும் வீரனாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. ‘கொலை செய்தது எஸ்.எஸ்., ராணுவம் சுத்தம்’ என்கிற ஐம்பது வருஷப் பெருங்கதையாடலை இந்தப் படங்கள் போட்டு உடைத்தன.

சில படங்களின் விளக்கங்கள் தவறு என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியபோது, 1999-ல் கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த குழு 2000-ல் அறிக்கை தந்தது: தவறுகள் உண்டு, அடிப்படை வாதம் சரி. திருத்திய கண்காட்சி 2001-ல் மறுபடியும் வந்தது. இது நியாயமான நடைமுறை. எதிராளி காட்டும் தவறைத் திருத்திக்கொள்வது நம்மைப் போன்றவர்களும் கற்க வேண்டியது. ஆனால் ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். கொலைப் படத்திடம் எந்த ஊர், எந்த நாள், யார் கொன்றது என்று சாட்சி கேட்கிறோம். வீரப் படத்திடம் மை அசலா என்று மட்டும் கேட்கிறோம்.

அட்டையிலிருக்கும் ஒவ்வொருவனும் கொலைகாரன் என்று நான் சொல்ல வரவில்லை. ஹிட்லரைக் கொல்லும் சதியில் சேர்ந்து 1944 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்ட ஃபீல்டுமார்ஷல் விட்ஸ்லெபனும் வீரச்சிலுவைக்காரர்தான். ஒரு முகம் எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்த முகம் சொல்லாது. அட்டை சொல்லவே சொல்லாது.

கடைசியாக ஒரு கையெழுத்து. ஃபீல்டுமார்ஷல் எரிஷ் ஃபொன் மான்ஸ்டைன் 1940-ல் வீரச்சிலுவையும் பிறகு ஓக் இலையும் வாளும் வாங்கியவர். அவர் கையெழுத்திட்ட படங்களுக்கு இன்றும் நல்ல கிராக்கி. 1941 நவம்பர் 20-ந்தேதி, 11-வது படையின் தளபதியாக, யூத-போல்ஷெவிக் அமைப்பை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும், யூதர்கள்மேல் எடுக்கும் கடும் நடவடிக்கையைச் சிப்பாய் புரிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த மாசம் அவர் படை பிடித்திருந்த சிம்ஃபரோபோலில் பத்தாயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1946-ல் நூரம்பர்க்கில் அந்த உத்தரவை அவர்முன் வைத்தபோது, நினைவில்லை என்றார். ஆனால் கையெழுத்தைப் பார்த்தால் உண்மையான உத்தரவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். 1949-ல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் பதினெட்டு வருஷம் தண்டித்தது. 1953-ல் வெளியே வந்தார். 1955-ல் நினைவுக் குறிப்பு வெளியிட்டார்.

ஒரே ஆள், ஒரே கை, ஒரே கையெழுத்து. உத்தரவுத் தாளில் இருப்பது ஆவணக்காப்பகத்தில் கிடக்கிறது, படத்தில் இருப்பது பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. வரலாற்றைப் படிப்பது என்பது இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் என்று நினைக்கிறேன். சேகரிக்கிறவர்கள் சேகரிக்கட்டும், எரிக்கச் சொல்லவில்லை. எரித்தால் சாட்சியும் போய்விடும். பக்கத்தில் இன்னொரு தாளையும் வைக்கட்டும், அவ்வளவுதான்.

பெட்டியில் நான் திரும்பப் போட்ட பையன் யார், என்ன செய்தான், எதைப் பார்த்தும் பேசாமலிருந்தான்? எனக்குத் தெரியாது. பெயரைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அட்டை கேட்டதும் அதைத்தான்.