பேட்டி என்றொரு பாட்டி

 காலைக் காப்பியோடு சிலரும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சிலருமாக இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்மணி, இன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் பெத்தேல் ஊரில் 1795ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று பிறந்தவர். பெயர் பேட்டி செஷன்ஸ். தமிழில் எழுதினால் நேர்காணல் என்று பொருள் வருகிறது. ஓர் எழுத்தை மாற்றினால் பாட்டி ஆகிவிடுகிறார். இரண்டுமே அவருக்குப் பொருந்தும் என்பதை இந்த உரை முடிவதற்குள் ஒப்புக்கொள்வீர்கள்.

அவர் மருத்துவச்சி. வாழ்நாளில் 3,977 பிரசவம் பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரை அரசாங்கப் பதிவுகளில் தேடினால் என்ன கிடைக்கும்? அங்கிருந்து தொடங்குவோம்.

அமெரிக்காவில் 1840 வரை எடுத்த குடிக்கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1820இல் பேட்டிக்கு 25 வயது. 16 முதல் 26க்குள் உள்ள பெண்கள் என்ற கட்டத்துக்குரியவர். 1830இல் 30 முதல் 40 வரை என்ற கட்டம். மனைவி, கைக்குழந்தை, வயதான மாமியார், வேலைக்கார முதியவர் என எல்லாருக்கும் அதே கதிதான்.

1850இல்தான் வீட்டில் உள்ளவர்களில் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். அதில் தொழில் என்றொரு பத்தியும் இருந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது விதி. அப்போது பேட்டி ஏறக்குறைய 40 ஆண்டுகளாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களின் தொழிலைக் கேட்க 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது குடும்பப் பதிவு. 1812இல், 17 வயதில், டேவிட் செஷன்ஸ் என்பவரை மணந்தார். மாமியார் மருத்துவச்சி, உடல் முடியாதவர். அவரால் போக முடியாத ஒரு பிரசவத்துக்கு மருமகள் போனார். தொழில் அப்படித்தான் கைக்கு வந்தது. நம் ஊரிலும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு இந்தக் கைவேலை வந்த வீடுகள் உண்டு.

அவருக்குப் பிள்ளைகள் 8 பேர். வளர்ந்து ஆளானவர்கள் 3 பேர்தான். வம்சாவளித் தாளில் இது எட்டே வரிகள். நர்ஸாக இருப்பவள் இந்த வரிகளைச் சும்மா கடந்து போக முடியாது. பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் இடையே விரலை வைத்துக் கணக்குப் போடுவேன். ஊராரின் குழந்தைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த கைகள், தன் பிள்ளைகளில் ஐந்து பேரைப் புதைத்திருக்கின்றன.

1834இல் அவர் மார்மன் சபையில் சேர்ந்தார். சபை மிசூரியிலிருந்து விரட்டப்பட்டது. பிறகு இல்லினாயின் நாவூ நகரிலிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. 1846 பிப்ரவரியில், புறப்படும் தறுவாயில், மகள் சில்வியா அம்மாவின் கையில் ஒரு வெற்றுப் புத்தகத்தைக் கொடுத்தார். பேட்டி அதில் எழுதத் தொடங்கினார். அந்த நாட்குறிப்புகள் 1888 வரை வருகின்றன. 1997இல் நூலாக அச்சாயின. மகள் அந்தப் புத்தகத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த வயதுக் கட்டங்கள்தான்.

எழுத்து மிகச் சிக்கனமானது. யாருக்குப் பிரசவம், ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு, எவ்வளவு கூலி. கூடாரத்திலும் வண்டியிலும் பிரசவம் பார்த்திருக்கிறார். 1847 கோடையில், 52 வயதில், இன்றைய ஒமாஹா அருகிலிருந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கு வரை, சுமார் 1,650 கிலோமீட்டர் தூரத்தில் பெரும்பகுதிக்குத் தானே எருது வண்டியை ஓட்டி, செப்டம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தார். இரண்டே நாளில், 26ஆம் தேதி, ஹேரியட் யங் என்பவருக்கு ஆண் குழந்தை. பிரசவம் பார்த்தவர் பேட்டி.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பேட்டியின் வாழ்க்கையைப் பேட்டி என்ற பெயரில் மட்டும் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அடுத்த வீட்டு வம்சாவளிகளில் தேட வேண்டும். அங்கே ஒரு குழந்தையின் பிறந்த தேதி இருக்கும். அதே தேதியில் இவருடைய நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், அன்று அவர் எந்தத் தெருவில், எந்த வீட்டில் கண்விழித்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

3,977 என்ற எண்ணையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. 60 ஆண்டுகள் தொழில் செய்தார் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 66. வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். பெண்கள் எட்டும் பத்தும் பெற்ற காலம். நடக்கக்கூடியதுதான். கேட்டதை எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பேரப்பிள்ளைகள் எழுதும் குடும்பக் கதைகளில் சில பக்கங்கள் மெல்லியதாகிவிடும். கணவர் இன்னொரு பெண்ணை மணந்தார்; சபை அதை அனுமதித்தது. பேட்டி அழுத நாட்களை அவரே எழுதி வைத்திருக்கிறார். விசுவாசத்தில் உறுதியாக நின்றவர்தான் இரவில் அழவும் செய்தார். ஒன்றை எழுத மற்றதை அழிக்கக் கூடாது.

முன்னோடி என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த 1847இல் அந்தப் பகுதி மெக்சிகோவின் ஆளுகையில் இருந்தது. 1848 உடன்படிக்கையில்தான் அமெரிக்காவுக்குக் கைமாறியது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே ஷோஷோனி, கோஷூட், யூட் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களின் பாட்டிமாரும் பிரசவம் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு யாரும் வெற்றுப் புத்தகம் கொடுக்கவில்லை.

முதுமையில் பவுண்டிஃபுல் ஊரில் பிள்ளைகளுக்காகத் தன் செலவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 1892 டிசம்பர் 14 அன்று 97 வயதில் இறந்தார். கடைசியாக அவர் இடம்பெற்றிருக்கக்கூடிய 1890 குடிக்கணக்கில் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் சேதமடைந்தது. அரசாங்கத்தின் காகிதம் அழிந்தது. மகள் கொடுத்த புத்தகம் தப்பியது.

நம் பக்கம் வருகிறேன். நான் பார்த்த ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனின் தொழிலை எழுத ஓர் இடம் இருக்கிறது. தாயின் தொழிலுக்கு இல்லை. நாற்று நட்டவள், பாய் முடைந்தவள், பேறு பார்த்தவள் எல்லாரும் அந்தத் தாளில் இன்னாரின் மனைவி. கடல் கடந்து வந்த நம் குடும்பங்களில் அந்தத் தாள்கூடப் பல வீடுகளில் இல்லை. இருப்பது ஊரில் இருக்கும் பெரியம்மாவின் ஞாபகம் மட்டும். அதற்கும் வயதாகிறது.

உங்கள் அம்மாவைப் பெற்றெடுத்த பாட்டியின் பெயர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுப் பிரசவமென்றால், அன்று கூட இருந்து குழந்தையைக் கையில் வாங்கிய அம்மாளின் பெயர் என்ன? இந்த நேரலை முடிந்ததும் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெயர் கிடைத்தால், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.