ஒரு நகரின் கோபத்தை ஆற்றிய பாடகர்

இசை செவிக்கு விருந்து என்பர். அது ஒரு நகரின் அமைதிக்கு அரணாய் நின்ற வரலாறும் உண்டு.

1933ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், வறிய கறுப்பினக் குடும்பமொன்றிலே ஜேம்ஸ் பிரௌன் பிறந்தார். களவுக் குற்றத்துக்காகப் பதினாறாம் வயதிற் சிறை புகுந்தார். பொபி பேர்ட் என்னும் இளம் பாடகரின் குடும்பத்தார் கைகொடுக்க, 1952இல் விடுதலை பெற்று, அவருடைய பாடற்குழுவிற் சேர்ந்தார்.

தேவாலயப் பாடலின் உருக்கத்தை உலகியற் பாடலுக்கு அளித்தது 'சோல்' இசை. அதிலே பிரௌன் புகழ்பெற்றார். 1962இல் நியூயோர்க் அப்பலோ அரங்கிலே தம் கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய விரும்பினார். இசைத்தட்டு நிறுவனத்தார் மறுக்கவே, சொந்தப் பணத்தைச் செலவிட்டார். மறு ஆண்டு வெளிவந்த அத்தட்டு பெருவெற்றி கண்டது. பின்னர், தாளத்தின் முதலடிக்கு அழுத்தங் கொடுத்து, கிற்றாரையும் ஊதுகருவிகளையும் முழவுபோல ஒலிக்கச் செய்தார். 'ஃபங்க்' என்னும் புது இசை அவ்வாறு உருப்பெற்றது.

1968 ஏப்ரில் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிற் கலவரம் மூண்டது. மறுநாள் பொஸ்டன் நகரிலே பிரௌனின் கச்சேரி நடைபெறவிருந்தது. நடத்தினாற் கூட்டங் கூடும்; நிறுத்தினாற் கோபம் மூளும். நகரசபை உறுப்பினர் தோமஸ் அற்கின்ஸ் முதலியோர் வழியொன்று கண்டனர்: கச்சேரியைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினால் மக்கள் வீட்டிலிருந்தே காண்பர் அன்றோ! அதனால் நேரும் நட்டத்துக்குப் பிரௌன் ஈடு கேட்டார். மேயர் கெவின் வைற் இசைந்தார்.

பல்லாயிரவர் கொள்ளும் மண்டபத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரவரே வந்தனர். முடிவிலே சில இளைஞர் மேடையில் ஏறினர். காவலர் அவர்களைத் தள்ளினர். ஒரு கணந் தவறினும் பெருங்கேடு விளைந்திருக்கும். பிரௌன் காவலரை விலகச் செய்தார். இளைஞரைத் தம் இனத்தின் மானத்தை எண்ணிப்பார்க்குமாறு வேண்டினார். அவர்கள் இறங்கினர், பாட்டுத் தொடர்ந்தது. அன்றிரவு பொஸ்டன் பெரும்பாலும் அமைதியாயிருந்தது.

பிரௌன் மாசற்றவர் அல்லர்; 1988இல் மீண்டுஞ் சிறை சென்று, 1991இல் மீண்டார். 2006ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று காலமானார். எனினும், அவ்விரவிலே காவலரும் மேயரும் அடக்க அஞ்சிய கோபத்தை, சிறைக்கூடம் வளர்த்த ஒரு பாடகரின் சொல் அடக்கிற்று. அவர் பட்ட துன்பம் தம்முடையதே என்பதை அவ்விளைஞர் அறிந்திருந்தனர். அதனாலேயே அவர் சொற்கேட்டனர்.