கூண்டை எங்கே வைப்பது? அல்வாலில் பெருச்சாளியும் மரநாயும்

ஹைதராபாத்தின் வடக்கே, செகந்திராபாத் கண்டோன்மென்டை ஒட்டியிருக்கும் அல்வாலில் இரவு நேரத்தில் வீடுகளுக்குள் நடமாடும் விலங்குகள் இரண்டு. ஒன்று தரைக்கு அடியிலிருந்து வரும் பெருச்சாளி. இன்னொன்று கூரை வழியாக வரும் மரநாய். எது வந்தாலும் மக்கள் முதலில் தேடுவது கம்பி வலைக் கூண்டைத்தான். கூண்டு எந்த இரும்புக் கடையிலும் கிடைத்துவிடும். அதை எங்கே வைப்பது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இந்த இரண்டு விலங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூண்டுக்கான இடத்தைத் தீர்மானிப்பது நம் வசதியோ தீனியின் வாசனையோ அல்ல, விலங்கின் நடைதான் என்பது விளங்கும். பெருச்சாளியின் நடையை அறிந்தால் கூண்டைச் சரியான இடத்தில் வைக்கலாம். மரநாயின் நடையை அறிந்தால் கூண்டே தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

அல்வாலின் நிலம் இரண்டுக்கும் தோதானது. 2007இல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. அதற்கும் முன்னால் ஏரியும் வயலும் பனையுமாகக் கிடந்த பகுதி. சின்ன ராயுனி செருவு போன்ற ஏரிகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. வீடுகள் பெருகிய வேகத்துக்குக் கால்வாய்கள் ஈடுகொடுக்கவில்லை. மழைநீர் போகவேண்டிய வழியில் சாக்கடையும் போகிறது. இன்னொரு பக்கம், சென்னைப் படையோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் வாழும் படைமுகாம் வட்டாரம் அகன்ற வளாகங்களையும் வயதான மரங்களையும் காத்து வைத்திருக்கிறது. பக்கத்துப் பொலாரத்தில் 1860இல் கட்டப்பட்ட ராஷ்டிரபதி நிலையத்தின் வளாகம் மட்டுமே சுமார் 90 ஏக்கர். அங்கே மா, சப்போட்டா, கொய்யா, தென்னை எல்லாம் உண்டு. ஆக, சாக்கடை பெருச்சாளியை வாழவைக்கிறது; பழமரம் மரநாயை வாழவைக்கிறது.

பெருச்சாளியிலிருந்து தொடங்கலாம். தெலுங்கில் பந்திகொக்கு. பெரிய இனம் ஒரு கிலோவைத் தொடும். சிறிய இனம் உடலில் பாதிகூட இராது, ஆனால் வளை தோண்டுவதிலும் தானியம் சேர்ப்பதிலும் மூர்க்கத்திலும் பெரியதற்கு இளைத்ததல்ல. இரண்டுக்கும் பொதுவான குணம், வெட்டவெளியைக் கண்டால் அச்சம். மீசை மயிரும் விலாவும் சுவரில் உரச ஓடும்போதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. அதனால் இரவுக்கிரவு ஒரே வழியில் போய்வரும். நாள்பட்ட தடமாக இருந்தால் சுவரின் அடிப்பக்கத்தில் பிசுக்கேறிய கறுப்புக் கறை தெரியும். தடத்தின் ஓரத்தில் புழுக்கை கிடக்கும். வளை வாயில் புது மண் குவிந்திருக்கும்.

கூண்டை அடுப்படி நடுவில் வைத்துவிட்டு, மசால்வடை வாசனை அதை இழுத்து வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தன் தடத்தை விட்டு வெளியேறி, வெளிச்சமான தரையைக் கடந்து, புதிதாக முளைத்த இரும்புப் பொருளுக்குள் நுழையப் பெருச்சாளி துணியாது. எலிக் குடும்பத்துக்கே புதுப்பொருள் மீது சந்தேகம் அதிகம். தீனியின் வேலை தூரத்திலிருந்து கூப்பிடுவதல்ல. ஏற்கெனவே அவ்வழியே போகிறதை உள்ளே திரும்ப வைப்பதுதான். ஆகவே கூண்டின் நீளம் சுவரை ஒட்டி, வாய் தடத்தை நோக்கி இருக்கவேண்டும். மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு இருட்டாக்கிவிட்டால் இன்னும் நல்லது. முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே கருவாடோ வறுத்த தேங்காய்ச் சில்லோ மிர்ச்சி பஜ்ஜித் துண்டோ வைக்கவேண்டும். அது பயமில்லாமல் வந்து தின்றுபோகப் பழகியபின் கட்டை அவிழ்த்துக் கதவை ஏற்றி வைத்தால் போதும். முதல் இரவிலேயே பொறியைப் பூட்டி, அது தப்பித்துக்கொண்டால், அந்த வீட்டில் அந்தக் கூண்டுக்கு அப்புறம் வேலையே இல்லை.

எந்த வளை குடியிருப்பு, எந்த வளை காலி என்று கண்டுபிடிக்க வயல்காட்டுக்காரர்களின் முறை ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லா வளை வாய்களையும் ஈர மண்ணால் மூடிவிடுவார்கள். விடிந்ததும் எது திறந்து கிடக்கிறதோ அதுதான் உயிருள்ள வளை. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் இதில் இன்னும் தேர்ந்தவர்கள். வளை வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். மண்ணின் ஈரம், புழுக்கையின் பளபளப்பு, புல் மடங்கியிருக்கும் திசை ஆகியவற்றைப் பார்த்தே தோண்டும் இடத்தைத் தீர்மானிப்பார்கள். இந்தப் பார்வையின் மதிப்பு கடல் கடந்தும் தெரிந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட அழைக்கப்பட்டவர்கள் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும்; 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பொறியில் சிக்காத பாம்பை அவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள்.

அல்வாலில் இதை எப்படிப் பொருத்துவது? அடுக்குமாடியானால் மாடிப்படிக்குக் கீழுள்ள இருட்டு மூலை, தண்ணீர்த் தொட்டி மூடியின் ஓரம், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் சுற்றுச்சுவரும் தரையும் சேரும் இடம், சாக்கடைக் குழாய் உடைந்து வெளியே திறக்கும் இடம். மளிகைக் கடையானால் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. ஒரு கூண்டை மாற்றி மாற்றி வைப்பதைவிட நாலைந்தை ஒரே சமயத்தில் வைப்பது பலன் தரும், ஏனென்றால் பெருச்சாளியின் பெருக்கம் அப்படி. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுமேல்தான். ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள்கூட இருக்கும். ஒன்றைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருக்கமுடியாது. உடைந்த குழாயைப் பூசாமல் கூண்டை மட்டும் வைப்பதும் முடிவில்லாத வேலை. கையுறையில்லாமல் கூண்டைத் தொடவேண்டாம். எலிக்காய்ச்சல் பரப்பும் கிருமி அதன் சிறுநீரில் இருக்கலாம்.

இனி மரநாய். பெயரில்தான் நாய், நாய்க்கும் பூனைக்கும் சேராத தனிக் குடும்பம். எடை 2 முதல் 5 கிலோ. சாம்பல் உடல், கறுத்த முகம், உடலளவு நீண்ட வால். அல்வாலில் பலர் இதைப் புனுகு பில்லி என்றே சொல்கிறார்கள். திருமலையில் பெருமாளின் அபிஷேகத்துக்குப் புனுகு தரும் புனுகுப்பூனை வேறு. அது உடலில் புள்ளிகளும் வாலில் வளையங்களும் கொண்டு, பெரும்பாலும் தரையில் திரியும். மரநாயோ மரத்திலிருந்து இறங்கவேண்டிய அவசியமே இல்லாமல் ஊரைச் சுற்றிவரக்கூடியது. மாங்கிளையிலிருந்து கேபிள் கம்பி, அதிலிருந்து சுற்றுச்சுவரின் மேல்விளிம்பு, தண்ணீர்க் குழாய், ஓட்டுக் கூரை, மச்சு. இதுதான் அதன் தெரு. ஆகவே பெருச்சாளிக்குத் தரையைப் பார்க்கவேண்டும் என்றால் மரநாய்க்கு அண்ணாந்து பார்க்கவேண்டும்.

அதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது எளிது. மதில்மேலும் மொட்டைமாடியிலும் ஒரே இடத்தில் எச்சம் கிடக்கும். அதில் சப்போட்டா, அத்தி, பனை, வேப்பங்கொட்டைகள் அப்படியே இருக்கும். கூரைக்குள் போகும் ஓட்டையின் விளிம்பு உரசி வழவழப்பாகியிருக்கும். சந்தேகமாக இருந்தால் அங்கே கொஞ்சம் சலித்த சாம்பலைத் தூவிவிட்டுக் காலையில் பாருங்கள். பூனையின் தடத்தில் நான்கு விரல். மரநாயின் தடத்தில் ஐந்து.

மரநாய்க்கு நிகரான வேலையை வட அமெரிக்காவில் செய்வது ரக்கூன். அதைவிடச் சற்றுப் பெரியது. இரவில் திரிவது, மரமேறுவது, பழமும் பூச்சியும் குப்பையும் தின்பது, வீட்டு மச்சில் குட்டி போடுவது. கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழரைக் கேட்டால் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் ரக்கூனைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ரக்கூன் பிடிப்பவர்கள் இடம் பார்ப்பதில் பெரிய கலையையே வளர்த்திருக்கிறார்கள். ஓடைக்கரையின் சேற்றுத்தடம், சாலைக்கு அடியில் போகும் மதகின் வாய், பொந்துள்ள முதுமரம், சோளக்கொல்லை முடிந்து காடு தொடங்கும் விளிம்பு என்று தேர்ந்தெடுத்து வைப்பார்கள். ரக்கூன் முன்கையை விட்டுத் துழாவும் பழக்கமுடையது என்பதால், அந்தக் கையை மட்டும் கவ்வும் குழாய்ப் பொறியும் அவர்களிடம் உண்டு. வாயால் உண்ணும் மரநாயிடம் அந்தப் பொறிக்கு வேலையில்லை.

அங்கேயும் பொறி வைத்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவது தவறு என்று பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1970களில் வேட்டைக்காக ஃபுளோரிடாப் பக்கத்து ரக்கூன்களைப் பிடித்து வடக்கே கொண்டுபோனதில் வெறிநோய் சேர்ந்து போனது; 1977இல் மேற்கு வர்ஜினியாவில் தலைகாட்டிய அந்நோய் கிழக்குக் கரை நெடுகப் பரவியது. இன்று ஒன்டாரியோவில் பிடித்த விலங்கை ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே விடவேண்டும் என்பது விதி. ஒரு கிலோமீட்டருக்குள் விட்டால் அது திரும்பி வந்துவிடும். எனவே ஓட்டையை அடைக்காமல் வேறு வழியில்லை. இந்த விதி அல்வாலுக்கும் பாடமாகவேண்டும் என்பேன்.

மரநாய்க்குக் கூண்டு வைத்தால் என்ன நடக்கும்? மதில்மேல் அதன் தடத்தில் ஒரு கனிந்த வாழைப்பழம் போதும், சிக்கிவிடலாம். சிக்கியபின்தான் தொல்லை. ஏப்ரல் மாதத்தில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; தகரக் கூரைமேல் கூண்டுக்குள் அடைபட்ட விலங்கு பகல் முற்றுவதற்குள் செத்துப்போகக்கூடும். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, சிக்கியது தாயாக இருந்தால் மச்சுக்குள் கண்திறக்காத குட்டிகள் கிடக்கும். பெருச்சாளியைப் போல மூன்று வாரத்தில் குட்டி போடுவதல்ல இது. சினைக்காலமே ஏறத்தாழ இரண்டு மாதம், ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தான். ஒன்றை அகற்றினால் அந்த இடம் நீண்டகாலம் வெறுமையாகிவிடும்.

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய் காக்கப்பட்ட விலங்கு. கொல்வது மட்டும்தான் வேட்டை என்று நினைக்கவேண்டாம். பிடிப்பது, கண்ணி வைப்பது, தீனி காட்டி வரவழைப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். அப்படியானால் மதிலில் வாழைப்பழத்தோடு கூண்டு வைப்பதே குற்றம். எலிகளோ தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தவை; 2022 திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கினாலும் பெருச்சாளி காப்புப் பட்டியலில் ஏறவில்லை.

ஆனால் மரநாயின் இடத்தைக் கண்டுபிடிக்கும் உழைப்பு வீணல்ல. கூண்டு வைக்கத் தேடும் அதே இடத்தில்தான் தடுப்பும் வைக்கவேண்டும். கூரையைத் தொடும் கிளையைக் கழித்துவிடுங்கள். குழாயைச் சுற்றி வழவழப்பான தகரம் கட்டினால் ஏறமுடியாது. மச்சுக்குள் குட்டிச் சத்தம் கேட்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். கேட்டால் குட்டிகள் தாயோடு வெளியேறும்வரை பொறுங்கள். கேட்காவிட்டால், இருட்டி அது வெளியே போனபின், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவைப் போல வலையை ஓட்டைமேல் தொங்கவிடுங்கள். உள்ளே ஏதாவது மிஞ்சியிருந்தாலும் வெளியே வந்துவிடும், திரும்பி நுழையாது. சில இரவு சாம்பலில் தடம் இல்லையென்றால் ஓட்டையைப் பூசிவிடலாம்.

இந்த விலங்கைக் காப்பாற்றச் சொல்வது இரக்கத்தால் மட்டுமல்ல. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் மரநாயின் உறவான பழுப்பு மரநாயை ஆய்ந்த திவ்யா முடப்பா, அதன் உணவில் பெரும்பங்கு பழம் என்பதையும் காட்டு மரங்களின் விதைகளை அது பரப்புவதையும் காட்டினார். அல்வாலின் மதில்மேல் கிடக்கும் அந்தக் கொட்டைகளும் அதே வேலையின் சாட்சிதான். மேலும் மரநாய் எலியையும் பிடித்துத் தின்னும். அங்கேதான் நம் இரண்டு விலங்குகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. பெருச்சாளிக்கு விஷம் வைத்தால், விஷமேறித் தள்ளாடும் பெருச்சாளியைத் தின்னும் மரநாய்க்கும் கூகைக்கும் வீட்டுப் பூனைக்கும் அது போய்ச் சேரக்கூடும். பசை அட்டையோ அகப்பட்ட எதையும் அணு அணுவாகக் கொல்லும். தடம் பார்த்துச் சுவரோரம் வைத்த கூண்டு ஒன்றுதான் பெருச்சாளியைப் பிடித்து, தவறாகச் சிக்கிய வேறு உயிரைத் திறந்துவிட இடம் தருவது. பெருச்சாளி விஷயத்தில் கூண்டுக்கே என் வாக்கு.

அல்வாலில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாம்பழக் காலம் தொடங்குவதற்குள் ஒரு நாள் ஏணி போட்டுக் கூரையையும் ஒரு நாள் குனிந்து சாக்கடை ஓரத்தையும் பாருங்கள். கீழே புது மண் தெரிந்தால் கூண்டை வையுங்கள். மேலே ஐந்து விரல் தடம் தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். மரநாய் ஏற்கெனவே எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் நீங்களே கைவைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.