சுருக்குப்பையிலிருந்து குழுக் கணக்கு வரை: நாம் வந்த வழி



மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். மூட்டை மூட்டையாகப் பருத்தி வரும், விலை போகும், பணம் கை மாறும். அந்தப் பருத்தியைக் காட்டில் குனிந்து எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் நம்ம அம்மா, அம்மாயி காலத்தில் ஒரு பெண்ணின் பேரில் பணக் கணக்கு என்று ஒன்று இருந்ததா? அரிசிப் பானையும் சுருக்குப்பையும்தான் அவங்களுக்கு பேங்க். காய்ச்சல் வந்தாலும், மழை பொய்த்தாலும், தறி நின்றாலும் முதலில் தோடு அடகுக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் வட்டிக்காரர் வீட்டு வாசல்.

இந்த நிலையை மாற்ற நூறு வருஷத்துக்கு மேலாகப் பலர் முயற்சி செய்திருக்கிறார்கள். எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று தெரிந்துகொள்வது இன்றைக்கு நமக்கு ரொம்பத் தேவை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முன்னோர் செய்த முயற்சிகள்

1904ல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் ஆரம்பமானது. நல்ல வழிதான். ஆனால் நிலம் இருந்தவர்களுக்குத்தான் கடன் சுலபமாகக் கிடைத்தது. பட்டாவோ பெரும்பாலும் ஆண்கள் பேரில்.

1925ல் நமக்குப் பக்கத்திலேயே, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். வெள்ளாமை இல்லாத நாட்களில் பெண்கள் ராட்டையில் நூல் நூற்றுக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். வறட்சிக் காலத்தில் அந்தக் காசு பல வீடுகளில் அடுப்பு எரிய உதவியது.

அதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கு வந்ததும் நம்ம பழைய சேலம் மாவட்டத்தில்தான். குடிக்குப் போகிற கூலி வீட்டுக்கு வந்தால் குடும்பம் நிமிரும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அடுத்த வருஷம், 1938ல், விவசாயிகளின் பழைய வட்டியைத் தள்ளுபடி செய்யச் சட்டம் வந்தது. அதிலும் நிலத்தில் உரிமை உள்ளவர்தான் விவசாயி. களை எடுக்கப் போன கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் பலன் இல்லை.

1980ல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. கறவை மாடு, ஆடு வாங்க மானியத்தோடு கடன் கொடுத்தார்கள். ஆனால் யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்பதை அலுவலகம் முடிவு செய்தது. மாடு செத்தால் கடன் மட்டும் மிச்சம்.

இந்த முயற்சிகளில் ஒன்றுகூட வீண் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கொடுக்கிற கை வேறு, வாங்குகிற கை வேறாக இருந்தது.

1989ல் தர்மபுரியில்

மாற்றம் தொடங்கியது நமக்குப் பக்கத்து மாவட்டத்தில். 1983ல் அமைந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989ல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் குழுக்களை ஆரம்பித்தது. அடுத்த சில வருஷங்களில் சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. அப்போது நாமும் சேலம் மாவட்டம்தான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல். பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் பரவியது.

வங்கிகளுக்கும் அப்போதுதான் துணிச்சல் வந்தது. 1992ல் நபார்டு வங்கி, சோதனையாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் திட்டம் போட்டது. நிலப் பத்திரம் இல்லை, நகை இல்லை. ஒழுங்காக எழுதின நோட்டும், தவறாமல் கட்டின சேமிப்பும்தான் ஜாமீன். வங்கி வாசலையே மிதிக்காத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும்.

முதலில் சேமிப்பு, பிறகு கடன். இந்த வரிசைதான் புதுசு. 15 பேர் மாசம் 20 ரூபாய் போட்டால் 300 ரூபாய். ஒரு வருஷத்தில் 3,600. சின்னத் தொகைதான். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் 15 பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். "அவ வீட்டுல குழந்தைக்கு முடியல, இந்தத் தடவை அவளுக்குக் கொடுக்கலாங்க" என்று சொல்ல முடிந்தது. எந்தக் கந்துவட்டிக்காரர் அப்படிச் சொல்வார்?

ஒரு சின்னக் கணக்கு

1,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாசம் 100 ரூபாய் வட்டி. பத்து மாசத்தில் 1,000 ரூபாய் கட்டியிருப்போம். அசல் 1,000 அப்படியே நிற்கும்.

அதையே குழுவில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் வாங்கி, மாசம் 100 ரூபாய் அசலும் மீதிக்கு வட்டியுமாகக் கட்டினால், பத்து மாசத்தில் மொத்த வட்டி 110 ரூபாய்தான். அசலும் தீர்ந்துவிடும். அந்த 110 ரூபாயும் வெளியே போவதில்லை. நம்ம குழுப் பணமாகி அடுத்த அக்காவுக்குக் கடனாகும்.

2003ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் அவசரத்துக்குக் கை நீட்ட வேறு இடம் இருந்தால்தான் சட்டம் உதவும். அந்த வேறு இடம்தான் குழு.

இன்றைக்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது

இப்போது வீட்டு வாசலுக்கே வந்து "குழு லோன்" கொடுக்கிறார்கள். பத்துப் பேரைச் சேர்த்து, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பேர்தான் குழு. அதில் சேமிப்பு கிடையாது, நம்ம தீர்மானம் கிடையாது, வட்டி நமக்குத் திரும்பி வராது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வாரத் தவணைக்கு ஓடுகிற சகோதரிகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

அவங்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். அவசரத்துக்கு நம்ம குழுவில் கிடைக்காததால்தானே வெளியே போனாங்க? ஒவ்வொரு குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கூட்டம் தவறாமல் நடக்கிறதா? சேமிப்பு சேர்கிறதா? உள்கடன் சுற்றுகிறதா? தவணை திரும்புகிறதா? கணக்கு எழுதுகிறோமா? பஞ்ச சூத்திரம் என்று மனப்பாடமாகச் சொல்கிற இந்த ஐந்தில் ஒன்று தளர்ந்தாலும், வங்கிக் கடனை வாங்கிப் பங்கு போட மட்டும் கூடுகிற கூட்டமாகிவிடும் நம்ம குழு. அப்புறம் வாசலுக்கு வருகிறவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு குழுவால் முடியாததைச் செய்யத்தான் கூட்டமைப்பு. கணக்கு எழுதத் தெரியாத குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கவும், தவணையில் மாட்டிக்கொண்ட உறுப்பினரோடு உட்கார்ந்து மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கவும் நாம் ஒருவருக்கொருவர் இருக்கிறோம்.

நம்ம அம்மாக்களுக்குச் சுருக்குப்பை இருந்தது, கூட உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆள் இல்லை. நமக்கு இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாங்க. கடன் எவ்வளவு இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்க. வழி பார்ப்போம்.