கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் காந்தப்புலத் தேடலும்: தளவிளைவு ஒளி முதல் திறமூல மென்பொருள் வரை

ஆய்வுச்சுருக்கம்

விண்மீன்களின் காந்தப்புலத்தை அவற்றின் ஒளியில் காணப்படும் தளவிளைவைக் கொண்டே அளக்க இயலும். சூரியனும் ஒரு விண்மீனே. தேனிச் சமவெளிக்கு வடக்கே உயரும் பழனி மலையில் அமைந்த கொடைக்கானல் ஆய்வகத்தில் இத்தேடல் கடந்து வந்த கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் திறனைப் போலவே, பதிவுகளைக் காத்தலும் கணக்கிடும் முறையை வெளிப்படையாக வைத்தலும் இவ்வறிவின் வளர்ச்சிக்குக் காரணமாயின என்பதை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொடைக்கானல், எவர்ஷெட் விளைவு, தளவிளைவு, சீமன் விளைவு, திறமூல மென்பொருள்.

முன்னுரை

1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப்புள்ளிகளின் ஏற்ற இறக்கத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. சூரியனைத் தொடர்ந்து நோக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து பிறந்தது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். அதே மாதத்தில் கொடைக்கானல் ஆய்வகத்திற்கும் அடிக்கல் நாட்டினார். முன்னது கம்பம் பள்ளத்தாக்கிற்கு நீரைக் கொணர்ந்தது. பின்னது மழையின் காரணத்தை வானில் தேடப் புறப்பட்டது. மழைக்கும் சூரியப்புள்ளிக்கும் உள்ள தொடர்பு எதிர்பார்த்தவாறு எளிதில் வசப்படவில்லை. ஆயினும் அத்தேடலுக்காகத் தொடங்கிய நாள்தோறுமான பதிவு நிலைத்தது. 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநராக விளங்கினார்.

நிறமாலைக் கோடும் காந்தப்புலமும்

ஒளிமூலத்தைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் நிறமாலைக் கோடுகள் பிளவுறும் என்பதை 1896இல் பீட்டர் சீமன் கண்டறிந்தார். புலத்தின் திசைவழியே நோக்கும்போது, பிளவுண்ட இரு கூறுகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் வட்டத் தளவிளைவு கொண்டிருக்கும். புலம் வலுக்குறைந்திருப்பின் பிளவு கண்ணுக்குப் புலப்படாது. எனினும் இடச்சுழி ஒளிக்கும் வலச்சுழி ஒளிக்கும் இடையிலான சிறு வேறுபாடு அதனைக் காட்டிக்கொடுக்கும். இக்கோட்பாட்டைக் கொண்டே 1908இல் ஜார்ஜ் எல்லெரி ஹேல், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் சூரியப்புள்ளிகளில் வலிய காந்தப்புலம் உண்டென நிறுவினார். 1947இல் ஹொரேஸ் பாப்காக் இம்முறையையே 78 வர்ஜினிஸ் என்னும் விண்மீனுக்குப் பயன்படுத்தி, சூரியன் அல்லாத ஒரு விண்மீனின் காந்தப்புலத்தை முதன்முதலாக அளந்தார்.

எவர்ஷெட்டின் கண்டறிவு

சூரியப்புள்ளி ஒரு சுழல். மின்னூட்டம் பெற்ற துகள்கள் அதில் சுழல்வதால் காந்தப்புலம் தோன்றுகிறது என்பது ஹேலின் கருத்து. அது மெய்யாயின் சுழற்சியின் தடம் நிறமாலையில் தெரிய வேண்டும். 1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட் 1909 சனவரி 5 அன்று எடுத்த நிறமாலைப் படங்களில் வேறொன்றைக் கண்டார். புள்ளியின் புறநிழற் பகுதியில், சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்துக் கோடுகள் சிவப்பை நோக்கியும் வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கத்துக் கோடுகள் நீலத்தை நோக்கியும் விலகியிருந்தன. வளிமம் சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு எனப்படும் இவ்வோட்டம், சாய்ந்து கிடக்கும் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நிகழ்கிறது என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று.

கோபுரத் தொலைநோக்கியும் அதன் தடையும்

1960இல் வைணு பாப்பு இயக்குநராகப் பொறுப்பேற்றபின் ஆய்வகம் புதுவலிமை பெற்றது. கோபுரத்தின் உச்சியில் உள்ள 60 செ.மீ. ஆடி சூரிய ஒளியை ஏந்த, மேலும் இரு ஆடிகள் அதனை 60 மீட்டர் நீளமுள்ள நிலவறைக்குள் செலுத்தின. ஆனால் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில் ஆடியே தளவிளைவை உண்டாக்கிவிடும். சூரியன் நகர நகரச் சாய்வுக் கோணமும் மாறுவதால் இப்பிழை காலையில் ஓரளவும் மாலையில் வேறோர் அளவுமாக இருக்கும். அளவில் கிடைப்பது சூரியனுடையதா, கருவியினுடையதா என்ற ஐயத்தைத் தீர்க்காமல் காந்தப்புலத்தின் திசையைக் கூற இயலாது. கே. எஸ். பாலசுப்பிரமணியம், பி. வெங்கடகிருஷ்ணன், ஜே. சி. பட்டாச்சார்யா ஆகியோர் 1985இல் இக்கோபுரத்தின் கருவித் தளவிளைவைக் கோட்பாட்டு அடிப்படையில் கணக்கிட்டு வெளியிட்டனர். கருவியின் குறையை மறைக்காமல் அளந்து கூறியமையே இப்பணியின் சிறப்பு.

பழைய தகடுகளின் புதிய வாசிப்பு

முழுச் சூரியனின் காந்தப்புலம் ஒழுங்காக அளக்கப்பட்டது அண்மைய ஐந்து சுழற்சிகளுக்கு மட்டுமே. அதற்கு முந்தைய காலத்தை அறியக் கொடைக்கானல் தகடுகள் துணைநின்றன. கால்சியம் கே கோட்டில் 1907 முதல் நூறாண்டுக் காலமும், ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டில் 1912 முதலும் எடுக்கப்பட்ட படங்கள் எண்மமாக்கப்பட்டுப் பொதுப் பயன்பாட்டிற்கு வைக்கப்பட்டுள்ளன. கால்சியம் கோட்டின் ஒளிர்வு காந்தப்புலத்தின் வலிமையோடு ஒத்துச்செல்கிறது. ஆனால் அது வடமுனையா தென்முனையா என்பதைக் கூறுவதில்லை. அக்குறையை ஹைட்ரஜன் படங்களிலிருந்து பெறும் முனைமை வரைபடங்கள் நிரப்புகின்றன. இவ்விரண்டையும் இணைத்து, 15 முதல் 19 வரையிலான சூரியச் சுழற்சிகளின் காந்தப்புலத்தை மோர்ட்வினோவ், பித்யா பினாய் கரக், தீபங்கர் பானர்ஜி உள்ளிட்டோர் 2020இல் மீட்டுருவாக்கினர். தளவிளைவை அளக்காத தகடுகளிலிருந்தே காந்தப்புலத்தின் வரலாறு பெறப்பட்டது. எனினும் இது நேரடி அளவன்று, மறைமுக அளவே என்பதும் கருதத்தக்கது.

திறமூலத்தின் இடம்

மறைமுக அளவு ஒவ்வொன்றும் ஒரு கணக்கீட்டை நம்பியே நிற்கிறது. தகட்டின் கறையை எவ்வாறு நீக்கினர், பின்னணி ஒளியை எவ்வாறு கழித்தனர் என்பவை தெரியாவிடின் முடிவைச் சோதிக்க வழியில்லை. திறமூல மென்பொருளின் தேவை இங்கேயே எழுகிறது. சூரியத் தரவுகளைக் கையாள ‘சன்பை’ என்னும் பைத்தான் நூலகம் உள்ளது. விண்மீன்களின் தளவிளைவு நிறமாலையைப் பகுப்பதற்கு ‘ஸ்பெக்போல்ஃப்ளோ’ உள்ளது. தொலைவிலுள்ள விண்மீனின் ஒற்றைக் கோட்டில் காந்தக் குறிப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே பல கோடுகளை ஒருங்கே சேர்த்துச் சராசரிக் கோடு ஒன்றைப் பெறும் மீச்சிறு வர்க்க முறையை, 1997இல் டொனாட்டியும் பிறரும் வகுத்தவாறு, இம்மென்பொருள் பின்பற்றுகிறது. எக்கோடுகளைச் சேர்த்தனர், எவற்றை விலக்கினர் என்பதை அதன் நிரல்வரிகளை வாசிப்போர் எவரும் சரிபார்க்கலாம்.

முடிவுரை

எவர்ஷெட்டின் காலத்தில் ஒரு முடிவைச் சோதிக்க விரும்பியவர் தகடு இருக்கும் இடத்திற்கே செல்ல வேண்டியிருந்தது. மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன் அது மலையடிவாரத்திலிருந்து நடைபாதையில் ஏறிச் செல்லும் பயணமாக இருந்தது. இன்று அத்தகடுகளின் எண்மப் படங்களும் அவற்றைப் பகுக்கும் கருவிகளும் தேனியில் உள்ள ஒரு கல்லூரி மாணவருக்கும் கிடைக்கும் நிலையில் உள்ளன. 1985இல் கருவியின் பிழையை வெளிப்படையாக்கிய அதே நெறியைத் திறமூல மென்பொருள் கணக்கீட்டிற்கும் விரித்துள்ளது. பஞ்சத்தின் காரணத்தைத் தேடித் தொடங்கிய பதிவு, எவரும் கருதியிராத ஒரு கேள்விக்கு விடையளித்தமைக்கு இரண்டு காரணங்கள் உள. தலைமுறை தலைமுறையாகத் தகடுகள் காக்கப்பட்டன. காக்கப்பட்டவை பூட்டி வைக்கப்படாமல் பொதுவில் வைக்கப்பட்டன.