பயணியின் ஆயத்தம்: கண்டி–யாழ்ப்பாண வீதி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தத் தேசாதிபதியின் காலத்தில் எவ்வீதி வெட்டப்பட்டது, அதன் நீளம் யாது, செலவு யாது என்பன நிருவாக அறிக்கைகளிலே கிடைக்கின்றன. ஆனால் அவ்வீதியிற் செல்ல எண்ணியோர் புறப்படுமுன் எவற்றைக் குறித்துக் கவலையுற்றனர், எவற்றைக் கட்டி எடுத்துச் சென்றனர், எந்நேரம் புறப்பட்டு எங்குத் தங்கத் திட்டமிட்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. நெடும் பயணத்துக்கான ஆயத்தம் வெறும் வீட்டுக் கருமம் போலத் தோன்றலாம். எனினும், பயணி தன் தலைமீது சுமக்க வேண்டியிருந்த பொறுப்புகள் எவை, அரசும் சமூகமும் அவனுக்காக ஏற்றுக்கொண்டவை எவை என்பதை அவ்வாயத்தமே தெளிவாகக் காட்டுகின்றது. இந்நோக்கில், நாட்டின் மத்திய மலைநாட்டையும் வடக்கையும் இணைக்கும் கண்டி–யாழ்ப்பாண வீதியின் வரலாற்றை ஆராய முற்படுவதே இக்கட்டுரையாகும்.

இன்று ஏ 9 என இலக்கமிடப்பட்டுள்ள இவ்வீதி ஏறத்தாழ 321 கிலோமீற்றர் நீளமுடையது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி ஆகிய இடங்களைக் கடந்து வவுனியாவை அடைந்து, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வழியாக ஆனையிறவைத் தாண்டிக் குடாநாட்டுக்குள் நுழைகின்றது. கொழும்பிலிருந்து வடக்கே மோட்டார் வண்டியிற் செல்வோரும், தம்புள்ளை வழியாகவோ புத்தளம் வழியாகவோ வந்து, இறுதியில் இவ்வீதியையே சேர வேண்டியவராவர். மலைநாடு, உலர் வலயம், வன்னிக் காடு, உப்பங்கழி என ஒன்றுக்கொன்று வேறுபட்ட நிலங்களை ஒரே பயணத்திற் கடக்க வேண்டியிருப்பது இவ்வீதியின் தனித்தன்மை எனலாம்.

கண்டியரசின் காலத்தில் அகன்ற வீதி என்பது பாதுகாப்புக்கு ஊறு விளைப்பதாகவே கருதப்பட்டது. காட்டுப் பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக வைக்கப்பட்டன. முக்கியமான இடங்களில் முள்ளாலான கடவைகள் அமைக்கப்பட்டுக் காவலர் நிறுத்தப்பட்டனர். 1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், அக்கடவைகளைத் தாண்டுவோர் களிமண்ணிற் பதிக்கப்பட்ட முத்திரையை அனுமதி அடையாளமாகக் காட்ட வேண்டியிருந்ததைக் குறிப்பிடுகின்றார். வழியை அறிதல் மட்டும் அன்றைய பயணிக்குப் போதுமானதாக இருக்கவில்லை. வழிவிடுவோரின் இசைவும் அவன் கையில் இருத்தல் வேண்டும். இச்செய்தி பின்னர் நோக்கப்படவிருக்கும் ஒரு காலப்பகுதியோடு ஒப்பிடத்தக்கதாகும்.

1815 இல் கண்டியரசு பிரித்தானியர் வசமான பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவிருந்த எட்வேர்ட் பார்ண்சின் காலத்தில் வீதியமைப்புத் தீவிரமடைந்தது. எனினும் அதன் முதன்மை நோக்கம் இராணுவக் கட்டுப்பாடும், அதனைத் தொடர்ந்து கோப்பிப் பெருந்தோட்டங்களின் போக்குவரத்துமேயாகும். வடக்கு நோக்கிய வழி இக்காலத்தில் எத்தகையதாயிருந்தது என்பதை அதனூடு நடந்தோரின் கதையே உணர்த்தும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் உலர் வலயக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை நோக்கி நடந்தே சென்றனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். அரிசியும் ஒரு பாத்திரமும் போர்வையுமே அவர்தம் ஆயத்தம். வீதியை நாடியது பெருந்தோட்டப் பொருளாதாரம். அதன் இடரைச் சுமந்தவர் அதில் நடந்தவர்.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வடக்கிற்கான பயணம் இலகுவாயிருக்கவில்லை. 1905 சனவரியிற் குடியியற் சேவைப் பயிலுநராக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட லெனாட் வுல்ப், அநுராதபுரம் வரையே புகையிரதத்திற் செல்ல முடிந்தது. அதற்கப்பால் ஆனையிறவு வரை தபால் வண்டி என்ற பெயரில் ஓடிய மாட்டு வண்டியிலேயே அவர் காட்டைக் கடந்தார். அதே ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும், பல நாட்பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது.

மோட்டார் வண்டியின் வருகை வேறொரு வகை மாற்றத்தை உண்டாக்கியது. புகையிரதத்திற் செல்பவன் நேர அட்டவணைக்குத் தன்னை ஒப்படைத்துவிடுகின்றான். மோட்டார் வண்டியிற் செல்பவனோ தன் பயணத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியவன். எங்குப் பெற்றோல் நிரப்புவது, எங்கு நீர் ஊற்றுவது, யானை நடமாடும் காட்டுப்பகுதியைப் பொழுது சாயுமுன் தாண்ட முடியுமா என்பன அவனது கணக்குகளாயின. தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு போன்ற இடங்களிலிருந்த வாடிவீடுகள் இக்கணக்கின் நிலையங்களாக அமைந்தன. வன்னியின் மலேரியாவுக்கு அஞ்சி அங்கு இராத்தங்காது செல்லும் வழக்கமும், 1946 அளவில் டி.டி.ரி. மருந்தின் பயன்பாட்டால் அந்நோய் குறைந்தபின், படிப்படியாக மறைந்தது.

சுதந்திரத்தின் பின்வந்த காலத்தில் இவ்வீதிப் பயணம் வடபகுதி மக்களின் வாழ்வில் இரண்டறக் கலந்தது. 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தமையும் இதற்கொரு காரணமாகும். பொல்காவலையிற் புகையிரதம் மாறிச் செல்லும் மாணவர் ஒருபுறமாக, பெட்டிபடுக்கையோடு வாடகைக் காரிற் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் குடும்பங்கள் மறுபுறமாக இருந்தன. விடியற்புறத்திற் புறப்படல், கட்டுச்சோறு எடுத்தல், முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துதல், அங்கேயே கச்சான் வாங்குதல் என்பன அக்காலப் பயணத்தின் மாறா அங்கங்கள். மதங் கருதாது சாரதிகள் அங்கு வண்டியை நிறுத்தியமை குறிப்பிடத்தக்கது. மனிதன் திட்டமிட முடியாத எஞ்சிய பகுதியை அவ்விடத்தில் ஒப்படைத்துவிட்டே பயணம் தொடர்ந்தது.

ஆயினும் இக்காலத்திலேயே ஆயத்தத்தினுள் வேறொரு கவலையும் புகுந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இனவன்செயல்களின்போது, வீதிகளில் வண்டிகள் மறிக்கப்பட்டுப் பயணிகள் தமிழர் என அடையாளங் காணப்பட்டுத் தாக்கப்பட்டனர். எவ்வழி குறுகியது என்னும் வினாவுக்கு முன்னர் எவ்வழி பாதுகாப்பானது என்னும் வினா எழலாயிற்று. வீதியின் தார் மாறவில்லை, மைல்கற்களும் மாறவில்லை. அவற்றினிடையே செல்வோனின் பெயரும் மொழியும் பயணத்தின் இடர்க் கணக்கில் இடம்பெற்றமையே மாற்றமாகும்.

1990 யூனில் மீண்டும் மூண்ட போரோடு இவ்வீதி பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ஆனையிறவு, பூநகரி ஆகிய இரு வாயில்களிலும் படைமுகாம்கள் இருந்தமையால், குடாநாட்டினர் முதலிற் கொம்படி–ஊரியான் பாதையையும், பின்னர் கிளாலிக் கடனீரேரியையும் நாட வேண்டியவராயினர். விளக்கில்லாத படகில், இருளில், துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சிச் செய்த அப்பயணத்திற் பலர் உயிரிழந்தனர். இதே காலத்தில் நிலவிய பொருளாதாரத் தடையாற் பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சிறிதளவு பெற்றோலால் உயிரூட்டப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. வண்டி இருந்தது, சாரதி இருந்தான், செல்ல வேண்டிய தேவையும் இருந்தது. ஆனால் நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு வண்டியிற் செல்லும் எண்ணமே இல்லாதொழிந்தது.

இக்காலத்தின் ஆயத்தத்தில் தலையாய இடத்தைப் பெற்றது தாள்களே. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியேறுவோர் அவ்வியக்கத்தின் அனுமதியைப் பெற்றுப் பிணையாளரையும் நிறுத்த வேண்டியிருந்தது. வவுனியாவை அடைந்தோர் அங்குத் தங்குவதற்கும் தெற்கே செல்வதற்கும் அரசபடையினரின் அனுமதியை நாட வேண்டியிருந்தது. 1996 இற் குடாநாடு அரசபடையின் வசமான பின்னரும் தரைவழி திறக்கவில்லை. பாதுகாப்பு அனுமதியோடு கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. கண்டியரசின் முள்ளுக் கடவைகளிலே கேட்கப்பட்ட களிமண் முத்திரை, மூன்று நூற்றாண்டுகளின் பின் கடதாசி வடிவிற் பயணியின் கைக்குத் திரும்பி வந்தது எனக் கூறின் அது மிகையாகாது. 1997 மேயில் இவ்வீதியைப் படைவலியாற் கைப்பற்றித் திறக்கும் நோக்குடன் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை 1998 திசெம்பரிற் கைவிடப்பட்டது. ஒரு வீதிக்காக நிகழ்ந்த அப்போரில் இருதரப்பிலும் பெருந்தொகையானோர் மாண்டனர்.

2002 பெப்புருவரி 22 இற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில் இவ்வீதியைத் திறத்தல் தனியொரு விடயமாக இடம்பெற்றமை அதன் முக்கியத்துவத்துக்குச் சான்றாகும். அவ்வாண்டு ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரை பாதை திறந்தது. ஆனால் திறந்த பாதையும் இரு எல்லைகளைக் கொண்டிருந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இருதரப்பினரதும் சாவடிகளில் இறங்கி, பொதிகளை அவிழ்த்து, பதிவுசெய்து, வரி செலுத்திச் செல்ல வேண்டியிருந்தது. சாவடிகள் மூடப்படுமுன் இரண்டையும் கடத்தல் பயணத் திட்டத்தின் மையமாயிற்று. வீதியின் இருமருங்கும் கண்ணிவெடிகள் புதைந்திருந்தமையால் தாரை விட்டு இறங்கலாகாது என்பது சிறுவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டது.

இவற்றினும் வியப்புக்குரியது கடிகாரம் பற்றிய செய்தியாகும். 1996 இல் அரசு நாட்டின் நேரத்தை முன்தள்ளி வைத்தபோது, விடுதலைப் புலிகள் தம் பகுதியில் அதனை ஏற்கவில்லை. இதனால் 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கு மீளும் வரை, நண்பகல் 12 மணிக்கு ஓமந்தையைத் தாண்டியவனுக்கு மறுபுறத்தில் 11.30 மணியாகவே இருந்தது. முகமாலையைத் தாண்டியதும் இழந்த அரைமணி மீண்டும் கூடியது. ஒரே நாட்டினுள், ஒரே வீதியில், ஒரே பகலில் இருமுறை கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் பயணம் உலக வரலாற்றில் அதிகம் இருந்திராது. அரசியற் பிரிவினை எத்துணை ஆழமானது என்பதைச் சாதாரண பயணி தன் மணிக்கட்டிலேயே கண்டான்.

2006 ஓகத்து 11 இல் முகமாலையில் மூண்ட சமரோடு பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009 சனவரியில் ஆனையிறவு அரசபடையிடம் வீழ்ந்தது. மேயிற் போர் முடிவுற்றது. அதன் பின்னர் அனுமதியோடும் தொடரணியோடும் தொடங்கிய போக்குவரத்துப் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. 2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டமையாற் பூநகரி வழியாகக் குடாநாட்டை அடையும் மாற்றுவழியும் கிட்டியது. எனினும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டுமென்னும் விதி 2014 ஒக்தோபரில் மீண்டும் கொணரப்பட்டு, 2015 சனவரியிலேயே நீக்கப்பட்டது. புலம்பெயர்ந்து சென்ற ஒருவர் தாம் பிறந்த ஊருக்குச் செல்வதற்கும் அதுவரை தாளை நம்பியே திட்டமிட வேண்டியிருந்தது.

போர் நீங்கியதால் மட்டும் பயணியின் கவலை நீங்கிவிடவில்லை என்பதற்கு 2022 ஆம் ஆண்டு சான்றாகும். அந்நியச் செலாவணி நெருக்கடியாற் பெற்றோல் அருகியபோது, அவ்வாண்டு யூலையிற் பங்கீட்டு முறை அறிமுகப்படுத்தப்பட்டது. காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்பது தொடக்க அளவு. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றரைக் கடக்க 33 லீற்றர் வேண்டும். ஒரு வாரப் பங்கீடு ஒருவழிப் பயணத்துக்கே போதாது. இம்முறை வடக்கு, தெற்கு என்ற வேறுபாடின்றி எல்லோரும் அக்கணக்கைப் போட்டனர். வரிசைகளிலே சேர்ந்து காத்துநின்றனர். இவ்வீதியின் நெடிய வரலாற்றில் எல்லாப் பயணிகளும் ஒரே இடரைச் சமமாகச் சுமந்த அரிய தருணங்களுள் அதுவும் ஒன்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, பயணியின் ஆயத்தம் காலத்துக்கேற்ப மாறிய முறை தெளிவாகின்றது. நடந்து சென்ற தொழிலாளி நீரையும் நோயையும் எண்ணினான். வண்டியிற் சென்றவன் பெற்றோலையும் பொழுதையும் எண்ணினான். போர்க்காலப் பயணி அனுமதியையும் உயிரையும் எண்ணினான். இவற்றுள் நிலமும் காலநிலையும் தந்த இடர்களை மருத்துவமும் பொறியியலும் வென்றன. மனிதர் விதித்த இடர்களே நெடிது நிலைத்தன. நீங்கியபின்னும் திரும்பி வந்தன. ஆகவே, ஒரு நாட்டின் பிரதேசங்கள் ஒன்றுபட்டுள்ளனவா என்பதை அளக்க வீதியின் அகலமோ மேற்பரப்பின் வழுவழுப்போ தக்க அளவுகோல்களாகா. பயணியொருவன் புறப்படுமுன் எவற்றையெல்லாம் எண்ண வேண்டியதில்லை என்பதே அதற்கான அளவுகோலாகும். இன்று யாழ்ப்பாணத்திலிருந்து இரவிற் புறப்படும் குடும்பம் கட்டுச்சோற்றையும் முறிகண்டித் தரிப்பையும் மட்டுமே திட்டமிடுகின்றது. அச்சிறிய ஆயத்தத்துக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் பெரிய இழப்பு இருப்பதையும், அது சிறியதாகவே நீடிப்பதற்கு இரு திசைகளிலும் வாழ்வோர் பொறுப்புடையர் என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.