பேசும் ஏரி

வட அமெரிக்கப் புல்வெளிப் பரப்பில், மினசோட்டா மாநிலத்தின் மேற்கே, மினசோட்டா ஆறு அகன்று ஏரியாய்ப் பரந்து கிடக்கும் இடம் ஒன்றுண்டு. டகோட்டா மக்கள் அதனைப் 'பேசும் ஏரி' என்றனர். பிரெஞ்சு வணிகர் அப்பெயரையே தம் மொழியில் பெயர்த்து 'லாக் கி பார்ல்' என வழங்கினர். அதுவே இன்றும் நிலைத்துள்ளது. ஏரியின் கீழ்க்கோடியில் மாநிலப் பூங்கா உள்ளது. கோடையில் அங்குக் குடும்பங்கள் கூடாரமிட்டுத் தங்குகின்றன. இலையுதிர் காலத்தில் காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கி ஆரவாரிக்கின்றன. ஆயினும் அவ்வேரி பேசுவது பறவை மொழி மட்டுமன்று.

எதிர்க்கரை மேட்டில் சிறிய மரக்கோயில் ஒன்று நிற்கிறது. 1835இல் தொடங்கப்பெற்ற கிறித்துவ மறைபணி நிலையத்தின் நினைவாகப் பிற்காலத்தே மீண்டும் எழுப்பப்பட்டது அது. டகோட்டா தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்த வணிகர் ஜோசப் ரென்வில் அங்கு மறைபணியாளர்க்கு இடமளித்தார். பிரெஞ்சு விவிலியத்தின் வரிகளை ஒருவர் வாசிக்க, ரென்வில் அவற்றை டகோட்டாவில் சொல்ல, மற்றவர் எழுதிக்கொண்டனர். அதுவரை வாய்மொழியாகவே வாழ்ந்த மொழி இவ்வாறு ஏடேறியது. அம்மொழியின் இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூல் 1852இல் அச்சேறியது.

மொழி ஏடேறிய அக்காலத்திலேயே மண் கைமாறியது. 1851ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் டகோட்டா மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். நிலத்திற்கு ஈடாக வரவேண்டிய பணம் தாமதமாயிற்று, பசி வாட்டியது. 1862இல் போர் மூண்டது. இரு தரப்பிலும் உயிர்கள் பல மாண்டன. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆடவர் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய கைதிகள் அயோவா மாநிலச் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் குடும்பங்கள் வேறு திசையில் நாடு கடத்தப்பட்டன.

சிறையில்தான் அவ்வெழுத்து புதுப்பயன் பெற்றது. கைதிகள் தம் தாய்மொழியை எழுதவும் படிக்கவும் ஊக்கத்தோடு கற்றனர். பிரிந்த சுற்றத்தாரின் நலம் வினவியும் விடுதலை வேண்டியும் மடல்கள் வரைந்தனர். அவற்றுள் ஐம்பது மடல்கள் 2013இல் நூலாக வெளிவந்தன.

மதம் பரப்ப வகுக்கப்பட்ட எழுத்து, மண்ணிழந்தோரின் சான்றாய் மாறியது. இன்று டகோட்டாவைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே. எனினும் வகுப்பறைகளில் இளையோர் அதனை மீண்டும் கற்கின்றனர். எழுத்தை வகுத்தவர் எவராயினும், அதனை வாழவைப்போர் அம்மொழியில் எழுதுவோரே. ஏரி உரைக்கும் வரலாறு இதுவே.